பழைய வண்டியும் புதிய கோலமும்



சென்னையிலிருந்து வடமேற்கே செல்லும் சாலையில் பெரியபாளையத்தையும் ஊத்துக்கோட்டையையும் கடந்தால், சுருட்டப்பள்ளியில் பள்ளிகொண்ட கோலத்தில் சிவபெருமானைக் காணலாம். அங்கிருந்து சிறிது தொலைவு சென்றால் மலைகளை ஒட்டி அமைந்திருக்கிறது நாகலாபுரம். சென்னைக்கும் இவ்வூருக்கும் இடையே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தூரம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் இச்சாலையில் நின்று பார்த்தால், மலையருவிகளை நாடிச் சென்னை இளைஞர்கள் மோட்டார் சைக்கிள்களில் அணி அணியாகச் செல்வதைக் காணலாம். பழுது நீங்கித் தொழிற்சாலையிலிருந்து அன்றுதான் வெளிவந்ததுபோல் மின்னும் பழைய புல்லட் வண்டி ஒன்று முன்னே செல்லும். அதே வயதுடைய இன்னொரு புல்லட், கைப்பிடி உயர்ந்து, இருக்கை தாழ்ந்து, பெற்ற தாயே அடையாளம் காண இயலாத கோலத்தில் பின்னே தொடரும்.

இவ்விரண்டு வண்டிகளுக்கும் இடையே ஒரு பெரிய வழக்கு நடந்துவருகிறது. பழைய பொருளை அது பிறந்த நிலைக்கே மீட்டு வைப்பது முறையா? அல்லது இன்றைய தேவைக்கும் விருப்பத்துக்கும் ஏற்ப மாற்றி அமைத்துக்கொள்வது முறையா? இது பட்டறைக்காரர்களின் வழக்கு மட்டுமன்று. ஊரை விட்டு நெடுந்தொலைவு சென்று வாழும் நம்மனோர் ஒவ்வொருவரின் இல்லத்திலும் ஏதோ ஓர் உருவில் இக்கேள்வி எழத்தான் செய்கிறது. பாட்டனார் கட்டிய வீட்டை என்ன செய்வது, தந்தையார் ஓட்டிய வண்டியை என்ன செய்வது என்று சிந்திக்காதார் யார்? ஆகவே அந்த வண்டியின் வரலாற்றைச் சொல்லி இவ்வழக்கை ஆராய முற்படுகிறோம்.

முதலில் அந்த வண்டி யார் வீட்டுப் பிள்ளை என்பதைப் பார்ப்போம். இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரில் சைக்கிள் செய்துவந்த ஒரு நிறுவனம், அரசாங்கத்தின் என்பீல்டு துப்பாக்கித் தொழிற்சாலைக்குச் சில பாகங்களைச் செய்து கொடுத்தது. அந்தத் தொடர்பினால் 'இராயல் என்பீல்டு' என்ற பெயர் அதற்கு வாய்த்தது. 1901-ஆம் ஆண்டில் அந்நிறுவனம் தன் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தது. 'புல்லட்' என்ற பெயர் 1932-இல் வந்தது. நாம் இன்று அறிந்துள்ள புல்லட்டின் உருவம், பின்சக்கரம் மேலும் கீழும் அசைந்து அதிர்ச்சியைத் தாங்கும் அமைப்புடன், இரண்டாம் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில் தோன்றியது.

நாடு விடுதலை பெற்ற பின்னர் நம் இராணுவத்துக்கும் போலீசுக்கும் கரடுமுரடான பாதைகளில் செல்லக்கூடிய வண்டிகள் தேவைப்பட்டன. 1950-களின் முற்பகுதியில் 350 சி.சி. புல்லட் வண்டிகள் 800 வேண்டுமென இந்திய அரசாங்கம் கேட்டது. அந்நாளில் அது பெருந்தொகையான ஆணை. 1955-இல் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்து நிறுவனமும் கூடி 'என்பீல்டு இந்தியா' என்ற கம்பெனியை அமைத்தன. சென்னையின் வடகோடியில், தியாகராசப் பெருமான் கோயில் கொண்டுள்ள திருவொற்றியூரில் அதன் தொழிற்சாலை எழுந்தது. முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன; இங்கே அவற்றைப் பூட்டினார்கள். பின்னர் வார்ப்புக்கும் கடைசலுக்கும் உரிய சாதனங்கள் வந்தன. 1960-களில் அவ்வண்டியின் பாகங்கள் யாவும் இந்த நாட்டிலேயே செய்யப்பட்டன.

இனிதான் வரலாற்றின் சுவையான பகுதி வருகிறது. இங்கிலாந்தில் புதிய புதிய வடிவங்கள் வந்தன; பழைய வடிவங்கள் கைவிடப்பட்டன. ஜப்பானிய வண்டிகளின் போட்டியைத் தாங்கமாட்டாமல் ரெட்டிச் தொழிற்சாலை 1967-இல் மூடப்பட்டது. 1970-ஐ ஒட்டி இங்கிலாந்தில் அத்தொழிலே நின்றுபோயிற்று. ஆனால் திருவொற்றியூரிலோ 1950-களின் வடிவம் பெரும் மாறுதலின்றித் தொடர்ந்து உருவாகிக்கொண்டிருந்தது. 1977-இல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதியாகத் தொடங்கியது. தாய்வீடு இடிந்துபோன பிறகு, கடல்கடந்து வாழ்க்கைப்பட்ட மகள் தாய்வீட்டுச் சமையலை மறவாமல் காத்து, பிறந்த ஊருக்கே அனுப்பிவைத்ததுபோன்ற செய்தி இது. பிற மாநிலங்களில் வாழும் தமிழர் சிலரது இல்லங்களில், தமிழ்நாட்டில் மறைந்துபோன சொற்களும் வழக்கங்களும் இன்னமும் உயிர்வாழ்வதை நாம் கண்டதில்லையா?

அந்த வண்டியின் அமைப்பையும் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். அதைத் தெரிந்துகொண்டாலன்றி வழக்கின் நுட்பம் விளங்காது. ஒற்றைச் சிலிண்டர், அதன் விட்டம் 70 மில்லிமீட்டர், உள்ளே பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். கனத்த சுழல்சக்கரங்கள். ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியே காதில் விழும். அந்த 'டுக் டுக்' ஓசையே வண்டியின் முகவரி. இயந்திரம் வேறு, கியர்ப்பெட்டி வேறு. கியர் மாற்றும் நெம்புகோல் வலக்காலில்; பிரேக் இடக்காலில். முன்விளக்கைச் சூழ்ந்த கூட்டில் இரண்டு சிறு விளக்குகள் கண்களைப்போல் அமைந்திருக்கும். மின்சாரம் ஆறு வோல்ட். உதைத்துக் கிளப்புவதற்கு முன் அம்மீட்டரின் முள்ளைப் பார்த்துப் பிஸ்டன் நிற்கும் இடத்தை அறிந்து, காற்றழுத்தத்தைத் தளர்த்தும் சிறு நெம்புகோலைப் பிடித்து, பின் ஓர் உதை. முறை தெரிந்தவருக்கு ஒரே உதை போதும். தெரியாதவருக்குக் கால் வலிதான் மிச்சம். பெட்ரோல் தொட்டியின் மேல் ஓடும் பொன்னிறக் கோடுகளைத் திருவொற்றியூரில் கைவினைஞர்கள் தூரிகை கொண்டு கையாலேயே இழுத்தார்கள்.

வார்ப்பிரும்புச் சிலிண்டர் கொண்ட அந்தப் பழைய இயந்திரம், புகைக் கட்டுப்பாட்டு விதிகளின் காரணமாக 2010-ஆம் ஆண்டையொட்டி விடைபெற்றது. இயந்திரமும் கியர்ப்பெட்டியும் ஒன்றாக அமைந்த புதிய இயந்திரம் அதன் இடத்துக்கு வந்தது. கியரும் இடக்காலுக்கு மாறியது. இவ்வாறு நெடுங்காலம் ஒரே வடிவம் நீடித்ததனால், 1958-இல் பிறந்த வண்டிக்கு 1988-இல் செய்த பாகங்கள் பல பொருந்திவிடுகின்றன. மீட்டமைப்போருக்கு இது பெரிய வசதி. அதுவே பெரிய ஆபத்தும் ஆகும். ஏனெனில் பொருந்துவது வேறு, உரியது வேறு. பொருந்தும் பாகங்களை எல்லாம் மாட்டிவிட்டு, 'எங்கள் வண்டி 1958-ஆம் ஆண்டு வண்டி' என்று சொல்லிக்கொள்வதில் ஒரு சிறு பொய் கலந்திருக்கிறது.

இனி, மாற்றி அமைப்போர் கட்சியைக் கேட்போம். அவர்களைப் பண்பாடு அறியாதவர்கள் என்று தள்ளிவிடுதல் நேர்மையாகாது. மோட்டார் சைக்கிள் தோன்றியதே ஒரு மாற்றத்தினால்தான். சைக்கிளில் இயந்திரத்தைப் பூட்டிப் பார்த்தவர்கள் அதைப் படைத்தார்கள். போருக்குப் பின் அமெரிக்காவில், படையிலிருந்து திரும்பிய இளைஞர்கள் கனமான வண்டிகளின் மட்கார்டுகளை வெட்டியும் தேவையற்ற பாரத்தைக் கழற்றியும் தமக்கென ஒரு பாணியை வகுத்தார்கள். இலண்டனில் சாலையோரத் தேநீர்க்கடைகளில் கூடிய இளைஞர்கள் கைப்பிடியைத் தாழ்த்தி, இருக்கையைப் பின்னுக்குத் தள்ளிப் பந்தய வண்டியின் தோற்றத்தை உண்டாக்கினார்கள். இராயல் என்பீல்டு நிறுவனமே அதைக் கண்டு 1965-இல் 'காண்டினென்டல் ஜி.டி.' என்ற வண்டியை அதே தோற்றத்தில் விற்றது. தெருவில் செய்த மாற்றம் தொழிற்சாலையின் மூலவடிவம் ஆகிவிட்டது! அந்த வண்டியை இன்று மீட்டமைப்பவர், ஒரு காலத்து மாற்றத்தைத்தான் 'மூலம்' என்று போற்றுகிறார்.

நம் நாட்டிலோ மாற்றியமைத்தல் விளையாட்டாக அன்றி வயிற்றுப்பாட்டுக்காகவே பெரிதும் நடந்தது. பழைய தில்லியில் வாழ்ந்த தமிழர்களுக்கு 'பட்பட்' வண்டிகள் நினைவிருக்கும். உலகப் போரில் நேசநாட்டுப் படைகள் விட்டுச்சென்ற ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிள்களின் முன்பாதியை எடுத்துக்கொண்டு, பின்புறத்தில் பலர் அமரும் கூண்டைப் பூட்டி, மூன்று சக்கர வாடகை வண்டி ஆக்கினார்கள். கன்னாட் பிளேசுக்கும் பழைய தில்லிக்கும் இடையே அவை பல்லாண்டுகள் ஓடின. அலுவலகம் செல்லும் குமாஸ்தாக்களும் கடைவீதி செல்லும் இல்லத்தரசிகளும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு அவற்றில் சென்றார்கள். பிற்காலத்தில் பல வண்டிகளில் அமெரிக்க இயந்திரமும் போய் டீசல் இயந்திரம் குடிபுகுந்தது. புகை பெருகியதனால் 1998-இல் அவை தடைசெய்யப்பட்டுத் தெருவினின்றும் மறைந்தன.

குஜராத்தில் சௌராஷ்டிரப் பகுதிக்குச் சென்றவர்கள் 'சக்கடா' என்னும் வண்டியைக் கண்டிருப்பார்கள். முன்புறம் பார்த்தால் நம் புல்லட். பின்புறம் பார்த்தால் பார வண்டி. நடுவில் டீசல் இயந்திரம். நிலக்கடலை மூட்டைகளும் மனிதர்களும் ஒன்றாக ஏறிச் செல்வார்கள். பஞ்சாபிலும் பிற இடங்களிலும் பெட்ரோல் செலவைக் கண்டு அஞ்சிய உழவர்கள் புல்லட்டில் டீசல் இயந்திரத்தைப் பொருத்திப் பார்த்தார்கள். கடைசியில் என்பீல்டு கம்பெனியே 'டாரஸ்' என்ற பெயரில் 325 சி.சி. டீசல் வண்டியை விற்கலாயிற்று. இவ்வாறு பட்டறை முன்னே செல்ல, தொழிற்சாலை பின்னே வந்ததும் உண்டு.

இந்த வண்டிகளைச் செய்த தில்லிக் கொல்லரும் இராஜ்கோட்டுப் பட்டறைக்காரரும் அரிய பொருளைக் கெடுத்தார்களா? அன்று அவை அரிய பொருள்களே அல்ல; போர் முடிந்து கழித்துப் போட்ட இரும்பு. அந்த இரும்பினால் எத்தனையோ குடும்பங்கள் உண்டு உடுத்து, பிள்ளைகளைப் படிக்கவைத்தன. ஆயினும், இன்று ஒருவர் அந்தப் போர்க்கால ஹார்லியின் முழு உருவைத் தில்லியில் தேடினால் கிடைப்பது அரிது. 'பட்பட்' வண்டியையே தேடினாலும் அதுவும் கிடைப்பது அரிது. மூலமும் போயிற்று, மாற்றமும் போயிற்று. எவரும் எதையும் குறித்துவைக்காததே இதற்குக் காரணம். இதனை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் வழக்கின் முடிவுக்கு இதுவே திறவுகோல் ஆகும்.

இப்பொழுது மீட்டமைப்போர் கட்சிக்கு வருவோம். ஒரு பழைய வண்டி வெறும் ஊர்தி அன்று. அது ஓர் ஆவணம். எந்தக் காலத்தில் எத்தகைய இரும்பு கிடைத்தது, எப்படிக் கடைந்தார்கள், எந்தப் பாகம் வெளிநாட்டிலிருந்து வந்தது, எது உள்நாட்டில் செய்யப்பட்டது என்பதையெல்லாம் அதன் உறுப்புகளே சொல்கின்றன. ஒரு திருகாணியின் மரையைக் கண்டே ஆங்கிலேய அளவா, பிற்கால மெட்ரிக் அளவா என்று கூறிவிடுவார் கைதேர்ந்த மெக்கானிக். சட்டகத்தை அறுத்துவிட்டால் அந்தச் சாட்சியம் அழிந்தது அழிந்ததுதான். வண்ணத்தை மாற்றினால் மீண்டும் பூசலாம். அறுத்த எலும்பை ஒட்டவைத்தால் தழும்பு மறையாது.

ஆனால் இக்கட்சியாரிடமும் ஒரு குறை உண்டு. பழையதைப் புதியதாகக் காட்டவேண்டும் என்ற ஆர்வத்தில், பழையதில் என்றுமே இல்லாத அழகுகளைச் சேர்த்துவிடுகிறார்கள். குரோமிய முலாம் மோட்டார் வண்டிகளில் பரவியது 1920-களின் இறுதியில்தான். அதற்கு முன் நிக்கல் முலாமே வழக்கம். 1920-ஆம் ஆண்டு வண்டியைக் குரோமியத்தில் முழுகவைத்து நிறுத்தினால், சங்ககாலப் பாணனின் கையில் வயலினைக் கொடுத்ததுபோல் ஆகும். மேலும், உண்மையான பழைய வண்ணம், மங்கியிருந்தாலும் உரிந்திருந்தாலும், அதன் காலத்துச் சாட்சி அல்லவா? அதனைச் சுரண்டி எறிந்துவிட்டுப் புதுவண்ணம் பூசுவது, ஏட்டுச்சுவடியை எரித்துவிட்டு அதன் அச்சுப்படியைப் போற்றுவதற்கு ஒப்பாகும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 'மூல நிலை' என்கிறோமே, அஃது எந்த நாளைய நிலை? ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். நாகலாபுரத்துப் பெரியவர் ஒருவர், படையினர் கழித்து ஏலம்விட்ட புல்லட் ஒன்றை வாங்கினார் என வைத்துக்கொள்வோம். படையில் இருந்தபோது அதன் நிறம் பச்சை. அவர் அதற்குக் கறுப்பு வண்ணம் பூசினார். பக்கத்தில் பால் கேன் தொங்கவிட ஒரு கொக்கியைப் பற்றவைத்தார். மகனை முன்னே பெட்ரோல் தொட்டியின் மேல் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துச் சென்றார். அந்த மகன் இன்று பூனாவிலோ சூரத்திலோ வேலையில் இருக்கிறான். தந்தை மறைந்தார், வண்டி திண்ணையோரம் நிற்கிறது. மகன் அதை மீட்க விரும்புகிறான். பச்சை நிறத்துக்கா, கறுப்பு நிறத்துக்கா? தொழிற்சாலையின் கணக்கில் அந்தக் கொக்கி ஒரு பிழை. மகனின் கணக்கில் அதுதான் தந்தை. அதை அறுத்து எறிந்தால் வண்டி 'மூல நிலை' அடையும். ஆனால் அவன் தேடிவந்தது அந்த மூலத்தையா?

இத்தகைய ஐயங்களுக்கு உலகம் ஒருவாறு விடை தேடியிருக்கிறது. பழங்கட்டடங்களைக் காப்பதற்கென 1964-இல் வெனிஸ் நகரில் ஒரு சாசனம் வகுக்கப்பட்டது. சான்று முடிந்து ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்புப்பணி நின்றுவிட வேண்டும் என்பது அதன் உயிர்நிலையான கொள்கை. அதை அடியொற்றி, பழைய ஊர்திகளுக்கான உலகக் கூட்டமைப்பு 2012-இல் 'தூரின் சாசனம்' என்பதனை ஏற்றுக்கொண்டது. பழுது வராமல் காத்தல், குறைந்த அளவு கைவைத்துப் பேணுதல், இழந்ததை மீட்டல் என்று பணிகளை அது வகைப்படுத்துகிறது. ஓர் ஊர்தி தன் வாழ்நாளில் அடைந்த மாற்றங்களும் அதன் வரலாற்றைச் சேர்ந்தவையே என்பதையும், புதிதாகச் செய்வன கண்டறியத்தக்கனவாகவும் கூடுமானவரை திரும்பக் கழற்றத்தக்கனவாகவும் இருத்தல் நலம் என்பதையும் அச்சாசனத்தின் நோக்கு நமக்கு உணர்த்துகிறது.

இக்கொள்கையைக் கேட்டு நாம் வியக்க வேண்டியதில்லை. தமிழர் இதனை வேறு துறைகளில் முன்னரே அறிந்திருந்தனர். சோழப் பேரரசி செம்பியன் மாதேவியார் பத்தாம் நூற்றாண்டில் செங்கற் கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக மாற்றினார். அது மாற்றம்தான், சிறிய மாற்றமன்று, பெரிய மாற்றம். ஆயினும் திருக்கோடிகாவல் முதலிய இடங்களில், பழைய கோயிலில் இருந்த கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதிய சுவரில் மீண்டும் வெட்டச் செய்தார். முன்னோர் கொடுத்த கொடைகளின் செய்தி அழியலாகாது என்பது அவர் கருத்து. உருவம் மாறியது, நினைவு மாறவில்லை.

டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, சுவடிகளில் சிதைந்துபோன இடங்கள் பல இருந்தன. புலமைமிக்க அவர் நினைத்திருந்தால் அவ்விடங்களைத் தம் சொற்களால் நிரப்பியிருக்கலாம், எவரும் கண்டுபிடித்திருக்கமாட்டார்கள். அவர் அவ்வாறு செய்யவில்லை. சிதைந்த இடத்தைச் சிதைந்த இடமாகவே புள்ளியிட்டுக் காட்டினார். சுவடிகள் வேறுபட்ட இடங்களில் பாடபேதங்களைக் குறித்தார். அந்தப் புள்ளிகளில்தான் பதிப்பாசிரியரின் நேர்மை விளங்குகிறது. காணாமற்போன பாகத்துக்குப் புதிய பாகம் பொருத்தும் மெக்கானிக், 'இது புதியது' என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிவைப்பாரானால், அவரும் அந்தப் பதிப்பாசிரியரின் மரபினரே என்போம்.

இனி, சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும்; குறிப்பாக, மாநிலம் விட்டு மாநிலம் வாழும் நமக்கு இது மிகவும் தேவை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள், செய்த கம்பெனி முதலில் குறித்த விவரங்களினின்றும் மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்று விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதிசெய்தது. ஆகவே இயந்திரத்தை மாற்றுவதும் சட்டகத்தை அறுப்பதும் வெறும் விருப்பத்தின்பாற்பட்டவை அல்ல. ஓசையை அடக்கும் சைலென்சரைக் கழற்றி ஊரை எழுப்புவோரின் குழாய்களைப் பல நகரங்களில் போலீசார் பறித்து, ரோடு ரோலரின் கீழ் நசுக்கியதைப் பத்திரிகைப் படங்களில் கண்டோம்.

மறுபுறம், 2021 ஜூலையில் மத்திய அரசாங்கம் தொன்மை ஊர்திகளுக்கெனத் தனி விதிகளை வெளியிட்டது. முதற்பதிவு நாளிலிருந்து 50 ஆண்டுகள் கடந்து, மூல வடிவத்தில் பேணப்பட்டு, பெரும் மாறுதல் அடையாத வண்டிகள் அவ்வகையில் சேரும். புதுப்பதிவுக்கு 20,000 ரூபாயும் மறுபதிவுக்கு 5,000 ரூபாயும் கட்டணம். புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகள் கொண்ட எண் வழங்கப்படும். முன்னமே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். இத்தகைய வண்டியைக் கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் தொழில்நுட்ப ஆராய்ச்சிக்கும் பெட்ரோல் போடவும் பழுதுபார்க்கவும் எடுத்துச் செல்லலாம். அன்றாடப் போக்குவரத்துக்கும் வாடகைக்கும் ஓட்டலாகாது.

பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம் என்பது சிறு சலுகையாகத் தோன்றலாம். நமக்கு அது சிறிதன்று. சாதாரண வண்டியை வேறு மாநிலத்துக்குக் கொண்டுசென்று 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால், அங்கே புதிய எண் பெறவேண்டும். வேலை தேடி வந்தவனின் முகவரி மாறுவதுபோல அவன் வண்டியின் முகவரியும் மாறிவிடுகிறது. சென்னை மாநிலம் என்று பெயர் இருந்த நாளில் 'எம்' என்ற எழுத்தில் தொடங்கிய பதிவெண்ணைத் தாங்கி ஒரு புல்லட் இன்று கல்கத்தாவிலோ இந்தூரிலோ நின்றால், அந்தப் பலகையே ஒரு குடும்பத்தின் புலம்பெயர்ந்த வரலாற்றைச் சொல்லும். நாகலாபுரத்தார்க்கு இது நன்கு விளங்கும். இந்தப் பகுதியின் எல்லைகள் 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் சென்னை மாநிலத்துக்கும் ஆந்திரத்துக்கும் இடையே மாற்றி வகுக்கப்பட்டன. சித்தூர் மாவட்டத்தில் இருந்த நாகலாபுரம் 2022 ஏப்ரலில் புதிதாக அமைந்த திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஊர் ஓர் அடியும் அசையவில்லை. அதன் முகவரிதான் மாறிக்கொண்டே இருக்கிறது. எல்லைக்கு இப்புறம் தமிழும் அப்புறம் தெலுங்கும் என்று அரசாங்கக் காகிதம் சொன்னாலும், இந்தச் சாலையின் கடைகளில் இரண்டு மொழிகளும் ஒரே பெஞ்சில் அமர்ந்து காப்பி அருந்துகின்றன.

அவ்வாறாயின் வழக்கின் முடிவு யாது? எல்லா வண்டிகளுக்கும் ஒரே தீர்ப்பு சொல்ல இயலாது என்பதே நம் கருத்து. அரிதாக எஞ்சியுள்ள வண்டியை, குறிப்பாக 1950-களில் இங்கிலாந்துப் பாகங்களைக் கொண்டு திருவொற்றியூரில் பூட்டப்பட்ட வண்டியை, அறுப்பதும் மாற்றுவதும் தகாது. அது உடையவரின் சொத்தாயினும் பொதுவரலாற்றின் சாட்சியும் ஆகும். ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டு எங்கும் ஓடும் பிற்கால வண்டியை, சட்டம் இடங்கொடுக்கும் அளவில், உடையவர் தம் தேவைக்கேற்ப அமைத்துக்கொள்வதில் குற்றம் காண வேண்டியதில்லை. ஆறு வோல்ட் விளக்கின் மங்கல் ஒளியில் நெடுஞ்சாலையில் சென்று லாரியில் மோதுவதைவிட, நல்ல விளக்கைப் பொருத்திக்கொள்வது அறிவுடைமை. எது செய்தாலும் மூன்று நெறிகளைக் கைக்கொள்ளலாம். கைவைப்பதற்கு முன் வண்டியை நாற்புறமும் படம் எடுத்து, இயந்திர எண்ணையும் சட்டக எண்ணையும் குறித்துவையுங்கள். திரும்பக் கழற்றக்கூடிய மாற்றத்தையே செய்யுங்கள். கழற்றிய பழைய பாகத்தைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பாமல், துணியில் சுற்றிப் பரணில் வையுங்கள். உங்களுக்கு வேண்டாதது உங்கள் பேரனுக்கு வேண்டியிருக்கலாம்.

அந்தப் பால்கேன் கொக்கியைப் பற்றிக் கேட்பீர்களாயின், அது அங்கேயே இருக்கட்டும் என்போம். பச்சை வண்ணம் இருந்த செய்தியை ஏட்டில் எழுதிவிட்டு, கறுப்பு வண்ணத்தையும் கொக்கியையும் காக்கலாம். அந்த வண்டிக்குத் தொழிற்சாலையில் ஒரு பிறப்பு. அந்த வீட்டு வாயிலில் மறுபிறப்பு. இரண்டாவதும் மெய்யான பிறப்புத்தான்.

முடிப்பதற்கு முன் நாகலாபுரத்துக்கே திரும்புவோம். விசயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் தம் தாயார் நாகலாம்பாளின் நினைவாகப் பெயரிட்டுப் போற்றிய ஊர் இது என்பர். மீனுருக் கொண்டு வேதங்களை மீட்ட திருமால், வேதநாராயணர் என்ற திருநாமத்துடன் இங்கே எழுந்தருளியிருக்கிறார். 1967 முதல் இக்கோயில் திருப்பதி தேவஸ்தானத்தின் நிருவாகத்தில் இருந்துவருகிறது. ஆண்டுதோறும் மார்ச்சு மாதத்தில் மூன்று நாட்கள், மாலைக் கதிரவனின் ஒளி கோபுர வாயிலின் வழியே நெடுந்தூரம் உட்புகுந்து, முதல் நாள் பெருமான் திருவடியிலும், இரண்டாம் நாள் நாபியிலும், மூன்றாம் நாள் திருமுடியிலும் படிகிறது. அதைக் காணத் திரளான மக்கள் கூடுகிறார்கள்.

இத்தனை நூற்றாண்டுகளில் இக்கோயிலில் விளக்குகள் மாறின, மின்சாரம் வந்தது, நிருவாகம் மாறியது. ஆனால் கதிரவனுக்கும் கருவறைக்கும் இடையே உள்ள வழியில் எவரும் ஒரு சுவரையும் எழுப்பவில்லை. எழுப்பியிருந்தால் கட்டடம் பெருகியிருக்கும், ஒளி நின்றுபோயிருக்கும். எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்பதற்கு இதனினும் தெளிவான பாடம் வேண்டுமோ? எந்தப் பழம்பொருளிலும் ஒளி செல்லும் வழி ஒன்று இருக்கும். மாற்றுபவரும் மீட்பவரும் முதலில் அவ்வழியைக் கண்டறிய வேண்டும். அதனை அடைக்காமல் செய்யும் எந்த வேலையும் நல்ல வேலையே.

அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, திண்ணையோரம் நிற்கும் பழைய வண்டியின் மேல் போர்த்திய சாக்கை ஒருமுறை விலக்கிப் பாருங்கள். அதைக் கிளப்புவதற்கு முன், அதில் ஏறிச் சென்றவர்களை அறிந்த பெரியவர் யாரேனும் வீட்டில் இருந்தால், அவரிடம் அதன் கதையைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இரும்பு காத்திருக்கும், மனிதர் காத்திருக்கமாட்டார்.